அலமாரியைப் பிள்ளைக்கு விளையாட்டு மூலையாக மாற்ற 150 வெள்ளி போதுமா?

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வாடகை அடுக்குமாடியில் இருக்கிறோம். மூன்று அறை என்று பெயர்தான், மூன்றாவது அறையில் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. அந்த அறைதான் மகளுக்கு. நான்கு வயது ஆகிறது. தம்பி இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான். அக்கா எதை அடுக்கினாலும் ஓடிவந்து தட்டிவிட்டால்தான் அவனுக்குத் திருப்தி. தினமும் சாயங்காலம் இதே பஞ்சாயத்து.

அவள் அறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி ஒன்று இருக்கிறது. 4 அடி அகலம், 2 அடி ஆழம், உயரம் கிட்டத்தட்டக் கூரை வரைக்கும். அதைக் காலி செய்து அவளுக்கென்று ஓர் இடமாக ஆக்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. இணையத்தில் படம் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. இளஞ்சிவப்புப் பெயிண்டு, மின்மினி விளக்கு, பஞ்சுக் கம்பளம் என்று கணக்குப் போட்டால் 600 வெள்ளியைத் தாண்டுகிறது. என்னிடம் இருப்பது 150. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ரெண்டு வாண்டு அப்பா:
கூடாரம் வாங்குங்கள். 40 வெள்ளிக்கு மடித்து வைக்கிற மாதிரி கிடைக்கும். வேலை முடிந்தது.

செந்தூல் அம்மா:
வாங்கினோம் அண்ணே. தம்பி அதன் மேலேயே விழுந்து கம்பியை வளைத்துவிட்டான். அதோடு கூடாரம் போட்டால் தரையில் நடக்க இடமில்லை.

மரவேலை:
தங்கச்சி, எதையும் வாங்குவதற்கு முன்னால் கதவைக் கழற்றுங்கள். இதற்கு ஓட்டை எதுவும் தேவையில்லை, வீடு காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். கதவின் உள்பக்கம் வட்டக் குழியில் பதித்த கீல் மூன்று நான்கு இருக்கும். புது மாடலாக இருந்தால் கீலின் பின்னால் சின்ன நாக்கு ஒன்று தெரியும், அதை அழுத்தினால் கழன்றுவிடும். பழசு என்றால் திருகாணியைத் தளர்த்தி இழுக்க வேண்டும். கீழ்க் கீலில் ஆரம்பித்து மேலே போங்கள், ஆக மேல் கீல் கடைசி. மாற்றிச் செய்தால் முழு உயரக் கதவு தலைப்பக்கமாகச் சாய்ந்து வரும். ஒருத்தர் பிடிக்க வேண்டும், ஒருத்தர் கழற்ற வேண்டும். தனியாக இறங்க வேண்டாம்.

திருகாணி, கீல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தந்தக் கதவின் பின்னாலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். இடது, வலது என்று எழுதி வையுங்கள். கதவைப் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் வைத்தால் சிப்போர்டு தண்ணீர் குடித்து உப்பிவிடும். கட்டிலுக்குப் பின்னால் நிமிர்த்தி நிறுத்தி, சரிந்து விழாதபடி கட்டிலை ஒட்டித் தள்ளிவிடுங்கள். பழைய சாமான் வாங்கும் பேப்பர் லாமா லோரிக்காரர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் இரண்டு மாத முன்பணத்தில் வீட்டுக்காரர் கை வைத்துவிடுவார்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. பலகையை எடுத்த பிறகு, அதைத் தாங்கிய சின்ன இரும்புக் குச்சிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டே இருக்கும். நான்கு வயசுப் பிள்ளையின் நெற்றிக்கு நேராக அவை நிற்கும். குறடு வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். துணி மாட்டுகிற கம்பியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொங்கி ஆடுவாள். மேல் தட்டை விட்டுவைக்கலாம், ஆனால் அதில் பெட்டி, இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. போர்வை, தலையணை மாதிரி விழுந்தாலும் வலிக்காத சாமான் மட்டும்.

கம்போங் பாரு வாசி:
அண்ணே, எங்கள் வீட்டு அலமாரி சுவரோடு கட்டியது இல்லை, தனியாக நிற்கும். அதிலும் செய்யலாமா?

மரவேலை:
சுவரோடு இறுக்கிப் பிடித்திருந்தால் செய்யலாம். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். துணி நிறைந்திருக்கும்போது அலமாரிக்கு அடியில் ஒரு கனம் இருக்கும். காலி செய்துவிட்டால் அந்தக் கனம் போய்விடும், பிள்ளை தட்டில் கால் வைத்து ஏறினால் முன்பக்கம் கவிழும். இழுப்பறை இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டு ஆக்கிவிடுவார்கள். மேலே இரண்டு எல் வடிவ இரும்பு வைத்து, செங்கல் சுவரில் சிமெண்டு பிட் போட்டுத் துளைத்து, பிளக் அடித்துத் திருக வேண்டும். வீட்டுக்காரர் துளைக்க விடமாட்டார் என்றால் அந்த அலமாரியை மறந்துவிட்டு மேசைக்கு அடியில் இடம் பாருங்கள்.

நர்ஸக்கா:
செந்தூல் அம்மா, ஒரு கேள்வி. அந்த அலமாரியில் பாச்சை உருண்டை இருந்ததா?

செந்தூல் அம்மா:
ஆமாம் அக்கா, ஒவ்வொரு மூலையிலும் கிடக்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் போட்டது என்று நினைக்கிறேன். நல்லதுதானே என்று விட்டு வைத்தோம். திறந்தால் இப்போதும் மணக்கிறது.

நர்ஸக்கா:
அதை முதலில் வெளியேற்றுங்கள், கதவெல்லாம் அப்புறம். பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலின். வெள்ளையாக, மிட்டாய் அளவில் இருப்பதால் உங்கள் சின்னவன் நேராக வாயில்தான் போடுவான். விழுங்கவே வேண்டும் என்பதும் இல்லை. ஜி6பிடி என்ற இரத்த நொதியில் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாடை ஏறிய துணியும் போர்வையுமே போதும், இரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், பிள்ளை வெளுத்துச் சோர்ந்துவிடும். அப்படிப் பார்த்தால் வீட்டில் வைத்தியம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நம் மலேசியாவில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிப்பது வழக்கம். முடிவு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கும். எடுத்துப் பாருங்கள், இரண்டு பேருடையதையும். ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும், தாய் வழியாகக் கடத்தப்படுவது. குறைபாடு இல்லை என்று எழுதியிருந்தாலும் பிள்ளை உட்காரப் போகும் பெட்டிக்குள் அந்த உருண்டை வேண்டாம். வேறு வகை உருண்டைகளும் கிடைக்கின்றன, அவற்றிலும் இருப்பது இரசாயனம்தான்.

“அப்படியென்றால் சூடம் வைக்கிறேன்” என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கற்பூரத்தைக் குழந்தை தின்றால் வலிப்பு வரும். அதுவும் வேண்டாம். ஈரத்துக்கு வைக்கிற தண்ணீர் டப்பா இருக்கிறதே, மேலே வெள்ளைக் கல், கீழே தண்ணீர் சேரும், அதுவும் பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. கவிழ்ந்த தண்ணீர் தோலிலும் கண்ணிலும் பட்டால் எரிச்சல்தான்.

செந்தூல் அம்மா:
இப்போதே எடுத்துவிட்டேன் அக்கா. பதிவேட்டில் இரண்டு பேருக்கும் குறைபாடு இல்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் வாடை போகவில்லையே?

நர்ஸக்கா:
உடனே போகாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, கதவில்லாமல், ஜன்னலைத் திறந்து காற்றாடி போட்டு விடுங்கள். மூக்கை உள்ளே வைத்தால் ஒன்றும் தெரியாத வரைக்கும் பிள்ளையை விடாதீர்கள். உள்ளே இருந்த துணியெல்லாம் துவைத்து வெயிலில் போட வேண்டும்.

கெப்போங் ராட்சசி:
வாடையைவிட பூஞ்சணத்தைப் பாருங்கள். கோலாலம்பூர் ஈரத்தில் மூடிக் கிடந்த அலமாரியின் பின்பலகை சுத்தமாக இருந்தால் அதிசயம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

செந்தூல் அம்மா:
குளியலறை.

கெப்போங் ராட்சசி:
நினைத்தேன். கைவிளக்கை நேராக அடிக்காமல் பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். சாம்பல் பொட்டு, உப்பிய இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். தரையோடு சேரும் கீழ் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். கட்டியாக இருந்தால் சரி. மெத்தென்று உள்ளே போனால் குளியலறைத் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம், அது உங்கள் செலவு இல்லை, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே சுவர்த்தாள் ஒட்டினால் பின்னாலேயே காளான் வளரும்.

மேலாகப் படிந்த பூஞ்சணம் மட்டும் என்றால் வினிகர் போட்டுத் துடைக்கலாம், அல்லது தண்ணீர் கலந்த குளோராக்ஸ் வெளுப்பான் போடலாம். இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும். துடைத்த பிறகு நன்றாகக் காயட்டும். இளஞ்சிவப்புப் பெயிண்டு எல்லாம் அடிக்க வேண்டாம். வாடகை வீட்டுப் பலகைக்குப் பெயிண்டு அடித்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை.

ஜெலுத்தோங் தாத்தா:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளே, இவ்வளவு பயமுறுத்தினால் யார்தான் ஒரு காரியம் தொடங்குவார்கள்? மெத்தைக்கு வழி சொல்கிறேன். இலவம்பஞ்சுத் தலையணை நான்கு வாங்கித் தைத்துச் சேர்த்தால் போதும். எங்கள் காலத்தில் கெக்காபு என்கிற இலவ மரத்துக் காய் வெடித்தவுடன் பொறுக்கிக் கொட்டை நீக்கி நாங்களே அடைப்போம். ஸ்பாஞ்சு மாதிரி வேர்க்காது. பொம்மை, புத்தகம் வேண்டுமென்றால் காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் போங்கள், விளையாட்டரங்கம் பக்கத்தில். பேரம் பேசினால் இரண்டு வெள்ளிக்குக்கூடப் படப்புத்தகம் கிடைக்கும்.

நர்ஸக்கா:
தாத்தா, புத்தகத்துக்குச் சரி. இலவம்பஞ்சு மட்டும் இந்த இடத்துக்கு வேண்டாம். ஈரக்காற்றில் கட்டிப்படும், துவைக்க முடியாது, தூசிப்பூச்சி குடியேறும். பிள்ளைக்கு இளைப்போ தோல் அரிப்போ இருந்தால் மூடிய இடத்தில் இன்னும் மோசமாகும்.

ஜெலுத்தோங் தாத்தா:
என் பிள்ளைகள் ஐந்து பேரும் அதில்தான் படுத்து வளர்ந்தார்கள் அம்மா. வாரம் தவறாமல் வெயிலில் போட்டுத் தட்டுவோம்.

நர்ஸக்கா:
அந்த வெயிலும் முற்றமும் அடுக்குமாடியில் யாருக்கு இருக்கிறது தாத்தா?

ஜெலுத்தோங் தாத்தா:
அது நியாயம். சரி, விட்டுவிட்டேன். ஆனால் உறைக்குப் பழைய கைலியைப் பயன்படுத்துங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பாத்தேக் கைலிக்கு நிகரான உறை எந்தக் கடையிலும் இல்லை. கைலி ஏற்கெனவே வளையமாகத்தான் தைத்திருக்கும், ஒரு பக்கம் தைத்து மறுபக்கம் கயிறில்லாமல் மடித்துச் செருகினால் உறை தயார்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
மெத்தைக்குத் தையலும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அலமாரி 4 அடிக்கு 2 அடி என்கிறீர்கள். குழந்தைத் தொட்டில் கட்டிலுக்கான மெத்தை பொதுவாக 120க்கு 60 செண்டிமீட்டர், ஏறக்குறைய அதே அளவு. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று கரோசல் என்ற பழைய சாமான் விற்கும் செயலியில் பலர் சொற்ப விலைக்கு விற்கிறார்கள். எடுக்கும்போது உறையைக் கழற்றி, தையல் ஓரத்தில் மூட்டைப்பூச்சிப் பொட்டும் பூஞ்சணமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மரவேலை:
நல்ல யோசனை. ஆனால் வெளி அளவை நம்பாதீர்கள், உள்பக்கம் அளந்து பாருங்கள். பலகைத் தடிப்பு போக 4 அடி அலமாரிக்கு உள்ளே 118 செண்டிமீட்டர் கிடைத்தாலே பெரிசு. ஸ்பாஞ்சு என்பதால் அழுத்தி நுழைத்துவிடலாம், அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
இன்னொன்று யாருமே கேட்கவில்லை. அதில் இருந்த துணியெல்லாம் எங்கே போகும்? விளையாட்டு மூலை அழகாகத்தான் வரும், ஆனால் துணியெல்லாம் நாற்காலியில் மலையாகக் குவிந்தால் ஒரு மாதத்தில் திரும்ப அலமாரிக்கே போய்விடும். பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் தரைக்கும் சட்டத்துக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டு, சக்கரம் வைத்த தட்டைப் பெட்டி இரண்டு வாங்குங்கள். ஒன்றில் வீட்டு உடுப்பு, ஒன்றில் பாலர் பள்ளி உடுப்பு. தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடை மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறதெல்லாம் உங்கள் அலமாரிக்குப் போகட்டும். நான்கு வயசுக்காரிக்கு அன்றாடம் புழங்குகிற துணி உண்மையில் கொஞ்சம்தான், பிரித்துப் போட்டுப் பாருங்கள். சின்னதாகிப்போனதைக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பெட்டிக்குப் பாத்து காவான் ஐகியா வரைக்கும் பாலம் தாண்டிப் போவார்கள். அவசியமே இல்லை. டோலும் பெட்ரோலும் கணக்குப் பார்த்தால் பக்கத்துக் கடைப் பெட்டியே மேல்.

வயர்மேன்:
விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே மின்வயர் இழுக்காதீர்கள். நீட்டிப்பு வயரை மெத்தைக்கு அடியில் விடுவது தீ வைக்கிற வேலை. வேறு இடத்துக்கு நீட்டிப்பு வயர் வாங்கினாலும் சிரிம் தரமுத்திரை பார்த்து வாங்குங்கள். அலமாரிக்குள் பேட்டரி எல்இடி வட்ட விளக்குப் போதும், தட்டினால் எரியும், சூடாகாது.

எந்தப் பேட்டரி என்பதுதான் முக்கியம். பென்சில் பேட்டரி போடுவதாக, மூடி திருகாணியால் பூட்டுவதாக இருக்க வேண்டும். மலிவான விளக்குகளோடு ஒரு குட்டி ரிமோட் வரும். அதற்குள் காசு அளவில் பட்டன் பேட்டரி இருக்கும், சின்னத் தட்டை இழுத்தாலே வெளியே வந்துவிடும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். சின்னவன் இருக்கிற வீட்டில் அந்த ரிமோட்டை அலமாரி மேல் வைப்பதுகூட வேண்டாம், பேட்டரியை எடுத்துத் தூரப் போடுங்கள். தீபாவளிக்கு வாசலில் கட்டுகிற சரவிளக்கும் உள்ளே வேண்டாம், நீள வயர் கழுத்தில் சுற்றும்.

கெப்போங் ராட்சசி:
கொசுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, கடித்துவிட்டு இருட்டான மூலையில், தொங்குகிற துணியின் மடிப்பில் போய் உட்காரும். அலமாரி அதற்குச் சொந்த வீடு. தொங்கும் துணி எதுவும் உள்ளே வேண்டாம், பிள்ளை நுழைவதற்கு முன் திரைச்சீலையை உதறிவிடுங்கள். கொசுவத்தியை உள்ளே வைக்கலாமா என்று கேட்காதீர்கள்.

செந்தூல் அம்மா:
திரைச்சீலை என்றதும் கேட்க நினைத்தேன். கதவு போனால் மறைப்புக்குப் பழைய சேலை போடலாமா?

மரவேலை:
போடலாம், பருத்திச் சேலை. நைலக்ஸ் சேலை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும்தான், அதனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டை அந்த மூலைக்குக் கொண்டு போகாதீர்கள். இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கிற ஸ்பிரிங் கம்பி வாங்கினால் துளைக்க வேண்டியதில்லை. சேலையை இரண்டாக வெட்டி நடுவில் பிரிகிற மாதிரி விடுங்கள். தரைக்கு ஒரு சாண் மேலேயே முடியட்டும். காற்றும் போகும், உள்ளே யார் கால் இருக்கிறது என்று நமக்கும் தெரியும்.

ரெண்டு வாண்டு அப்பா:
இத்தனை பேர் பேசினீர்கள், அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா? எங்கள் பெரியவனுக்கு இருட்டு மூலை என்றாலே ஆகாது. அழகாகச் செய்து வைத்தோம், உள்ளே போகவே மாட்டேன் என்றுவிட்டான்.

செந்தூல் அம்மா:
கேட்டேன். “ஜன்னல் இருக்குமா?” என்று கேட்டாள்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
ஜன்னலை அவளையே வரையச் சொல்லுங்கள். எண் பெரிசாகப் போட்டு, குதிரைப் பந்தய நாள் குறித்த குதிரைக் காலண்டர் இருக்கிறதல்லவா, சீனர் கடையில் வருஷக் கடைசியில் இலவசமாகக்கூடத் தருவார்கள். முடிந்த மாதங்களின் பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள். நான்கைந்து தாளைப் பின்பலகையில் மேல் ஓரத்தில் மட்டும் டேப் போட்டு ஒட்டினால், வரைந்து முடிந்ததும் கிழித்து மாற்றலாம். சுவர்த்தாள் செலவும் மிச்சம், பின்னால் ஈரம் இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கவும் வசதி.

செந்தூல் அம்மா:
முடித்துவிட்டோம்! கணக்கைப் போட்டுவிடுகிறேன், யாருக்காவது உதவும். தட்டைப் பெட்டி இரண்டு 50, வட்ட விளக்கு 20, பேட்டரி 10, மீட்டர் கணக்கில் விற்கிற கெத்தா கார்பெட் (ரப்பர் விரிப்பு) 18, தொட்டில் மெத்தை கரோசலில் 15, ஸ்பிரிங் கம்பி 12, ஒட்டும் கொக்கி 8. ஆக 133 வெள்ளி. சேலை அம்மாவுடையது, கைலி அப்பாவுடையது. அம்மாவுக்குச் சேலை போனதில் கொஞ்சம் வருத்தம்தான், பேத்திக்கு என்றதும் ஒன்றும் பேசவில்லை.

பின்பலகை கட்டியாக இருந்தது, மேலே பொட்டு மட்டும்தான், வினிகரிலேயே போய்விட்டது. பாச்சை உருண்டை வாடைதான் லேசில் விடவில்லை. கதவைக் கழற்ற என் அண்ணன் வந்தான். கீழ்க் கீலிலிருந்து தொடங்கச் சொன்னதற்கு அவனுக்கு முதலில் கோபம், மேல் கீலைத் தளர்த்தியதும் கதவின் கனத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

படிக்கிற மூலையாக வைத்துக்கொள்வாள் என்று நினைத்துப் புத்தகமெல்லாம் அடுக்கினேன். அவள் அதை நாசி லெமாக் கடையாக்கிவிட்டாள். சேலையை விலக்கி, காலண்டர் தாளில் பொட்டலம் கட்டி நீட்டுகிறாள். தம்பிதான் முதல் வாடிக்கையாளர், கடைக்கு வெளியே உட்கார்ந்து தாளைத் தின்றுகொண்டிருக்கிறான். உள்ளே நுழைய அனுமதி இல்லையாம்.

நர்ஸக்கா:
பேனா மை பட்ட தாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்சார் பாட்டி:
இன்றுதான் இழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு அலமாரிக்குச் சறுக்குக் கதவு. இரண்டு கதவில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதுமா?

மரவேலை:
இரண்டையும் எடுத்துவிடுங்கள் பாட்டி. மிச்சம் இருக்கிற ஒன்றை ஒரு பிள்ளை தள்ளும்போது இன்னொரு பிள்ளையின் விரல் சட்டத்தில் மாட்டும். பெரும்பாலான சறுக்குக் கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை நம் பக்கம் இழுத்தால் தண்டவாளத்திலிருந்து வந்துவிடும். சிலவற்றில் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தினால்தான் தூக்க முடியும். கண்ணாடி பதித்த கதவென்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். கீழே தரையில் அலுமினியத் தண்டவாளம் நிற்கும், ஓரம் கூர்மையாக இருக்கும். மெத்தையை அதற்குப் பின்னாலேயே நிறுத்தாமல், கெத்தா கார்பெட்டை அதன் மேலும் இழுத்து மூடி, இரண்டு பக்கமும் துணி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.